றாலோடு உறைந்த கொர்னெற்

பித்தளை வாத்தியத்தைக் கடுங்குளிரில் உறைய வைத்து எடுத்தால் அதன் குரல் திருந்துமா என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் வருவது கோபம். பேச்செடுத்தவர் மேல் கோபமில்லை. எங்கள் கரையில் ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்கு நானே பதிலாக இருந்தேன். "திருந்தாமல் என்ன, உவன்ரை தமையன்ரை கொர்னெற்றைக் கேட்டுப் பார்" என்று என்னைக் கை நீட்டிக் காட்டுவார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். அந்தப் பல்லை நினைத்தால்தான் கோபம் வருகிறது.

நான் அப்போது கரையோரத்தில் இருந்த ஒரு றால் கொம்பனியில் வேலை செய்தேன். றாலைத் தலை கிள்ளிக் கழுவித் தட்டுகளில் அடுக்கி உறைய வைத்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். உறைய வைக்கும் அறை என் பொறுப்பு. கதவைத் திறப்பது, பூட்டுவது, மிஷின் சத்தம் மாறுகிறதா என்று காது வைத்துப் பார்ப்பது, சுன்னாகத்துக் கரண்ட் நின்றால் தலையில் அடித்துக்கொண்டு ஜெனரேற்றரை நோக்கி ஓடுவது, இவ்வளவுதான் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்தால் பூனைகள் மட்டும் பாசத்தோடு காலைச் சுற்றும். மனிதர் எவரும் கிட்ட வருவதில்லை. அண்ணை எனக்கு வைத்த பெயரே 'றால் நாத்தம்' என்பதுதான்.

அண்ணைக்கு அப்படியில்லை. விடியலில் ஐயாவோடு வள்ளத்தில் கடலுக்குப் போய்வரும் அதே அண்ணை, கோயில் பாண்ட் வாத்தியத்தில் முதல் கொர்னெற், அந்தக் குட்டி ட்றம்பெற்றை ஊதுபவர். திருநாளில் சுரூபத்துக்கு முன்னால் வெள்ளை உடுப்போடு அவர் ஊதிக்கொண்டு வரும்போது குமர்ப்பிள்ளைகள் செபமாலையை மறந்து பார்ப்பார்கள். எனக்குப் பொறாமை இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிடவேண்டும்.

எண்பத்துநாலு தை மாதம் அம்மா செத்தார். எங்கள் ஆட்களின் செத்தவீட்டில் பெட்டிக்கு முன்னால் பாண்ட் போகும். வீட்டிலிருந்து கோயிலுக்கும், கோயிலிலிருந்து சேமக்காலைக்கும் ஊதிக்கொண்டே போவார்கள். குழிக்குள் பெட்டியை இறக்கும்போது கடைசியாக ஒரு மெட்டு உண்டு. அதன் முடிவில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிடும். முதல் கொர்னெற் மட்டும் தனியே மேலே ஏறிப்போய், உச்சத்தில் கொஞ்சம் நின்று, மெல்ல இறங்கும். ஊரில் எல்லாருக்கும் அந்த இடம் தெரியும். ஒப்பாரி வைக்கிற பெண்கள்கூட அந்த இடத்தில் மூக்கைச் சிந்திவிட்டுக் காது கொடுப்பார்கள்.

அம்மாவுக்குத் தானே ஊதுவேன் என்று அண்ணை பிடிவாதமாக நின்றார். பாண்ட் மாஸ்டர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஊதினார், ஏறினார், பாதி வழியில் குரல் உடைந்தது. திரும்பவும் ஏறினார். சேவல்குஞ்சு கூவப் பழகுவது போல ஒரு சத்தம் வந்தது. பின்னால் நின்ற யாரோ சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. அண்ணைக்கும் கேட்டிருக்கும்.

ஐயா கையில் மண்ணோடு நின்றார். அதைக் குழிக்குள் போடுவதற்கு முன் அண்ணையைத் திரும்பிப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"கொம்மாவை இப்பிடி அனுப்பிப்போட்டாய். என்னையாவது ஒழுங்கா அனுப்பு."

அன்றைக்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதை நின்றது. ஒரே வள்ளத்தில் போய் ஒரே வள்ளத்தில் வந்தார்கள். "பிடி", "விடு", "இழு" என்ற மூன்று சொல்லோடு தொழில் நடந்தது. வீட்டில் அதுகூட இல்லை. அண்ணைக்குக் கடல் உப்பில் வெடித்த உதடு, அழுது வீங்கிய தொண்டை, நித்திரையில்லாத மூன்று நாள். எவன் ஊதினாலும் உடைந்துதான் இருக்கும். ஆனால் ஐயாவிடம் போய் அதை விளக்கிச் சொல்லும் தைரியம் யாருக்கும் இருக்கவில்லை. அண்ணையோ குற்றத்தைக் கொர்னெற்றின் மேல் போட்டார். அது கிழடாகிப் போனது, பித்தளை இறுகிப்போனது, முந்திய மாதிரிக் காற்று விடுகுதில்லை என்றார். ஐயாவின் சொல்லுக்குப் பதில் அந்தக் கொர்னெற்றில்தான் இருக்கிறது என்று அவர் நினைத்துவிட்டார்.

அம்மாவின் மாதப் பூசைக்கு எங்கள் ஒன்றுவிட்ட மச்சான் ஒருவர் வந்தார். வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்து லீவில் நின்றவர். சாப்பிட்டுக் கை கழுவியபின் வெற்றிலையை மடித்துக்கொண்டு அவர்தான் இதைத் தொடக்கினார்.

"வெளியிலை இப்ப ட்றம்பெற், கொர்னெற் எல்லாத்தையும் குளிரிலை போட்டு எடுக்கிறாங்களாம். முந்தி மிஷின் பல்லுகளுக்குச் செய்தவங்கள், இப்ப இதுக்கும் செய்யிறாங்களாம். காத்தைத் தண்ணியாக்கி அதுக்குள்ளை தாழ்க்கிறது. பித்தளைக்குள்ளை கிடக்கிற இறுக்கம் எல்லாம் விட்டுப்போம். பேந்து சும்மா ஊத, தானாப் பாடுமாம்."

"நீ கண்டனீயோ?" என்று அண்ணை கேட்டார்.

"கண்டவன் எனக்குச் சொன்னவன்."

அண்ணைக்கு அது போதும். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். றால் நாத்தம் என்று கூப்பிடும் பார்வையே அதில் இல்லை. "தம்பி, உன்ரை அறைக்குள்ளை எவ்வளவு குளிர்?" என்றார். அண்ணை என் வேலையைப் பற்றி விசாரித்தது அதுதான் முதல் தடவை. மச்சான் சொன்ன குளிருக்கு முன்னால் எங்கள் அறை வெந்நீர்க் கிடாரம் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் கேட்டவர் அண்ணை. "பொல்லாத குளிர் அண்ணை" என்றேன்.

ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் கோயிலில் விபூதிப் புதனோடு பாண்ட் வாத்தியத்துக்குப் பூட்டு விழும். செத்தவீடு வந்தாலும் வெறும் செபமும் பாட்டும்தான். உயிர்த்த ஞாயிறு காலைப் பூசை வரைக்கும் ஒருவரும் ஒன்றும் ஊதக்கூடாது. ஆகவே உறைய வைக்க இதைவிட நல்ல காலம் இல்லை என்று அண்ணையும் நானும் கண்டுபிடித்தோம். எங்கள் மூளைக்கு எட்டாமல் போனது ஒன்றுதான். வைப்பதற்கு முதல் நாள் ஊதிக் கேட்டு, எடுத்த மறுநாள் ஊதிக் கேட்டால்தானே வித்தியாசம் தெரியும்? நடுவில் ஒரு தபசுகாலம் முழுவதும் ஊர் ஒரு கொர்னெற்றைக்கூடக் கேட்காமல் கிடந்தால், பிறகு தகரக் குழல் ஊதினாலும் இனிக்காதா? இதைக் கோயில்காரர் நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

வேலையை நான் திருத்தமாகத்தான் செய்தேன். உள்ளே ஈரம் இருந்தால் அது உறைந்து பித்தளையைப் பிளந்துவிடும் என்று தண்ணீர்க் குழாய்களைப் பார்த்து எனக்குத் தெரியும். எனவே கொர்னெற்றைக் கழற்றக்கூடிய இடமெல்லாம் கழற்றினேன். சுடுதண்ணீரும் சவர்க்காரமும் விட்டு, கம்பியில் சீலை சுற்றி உள்ளே விட்டு இழுத்தேன். வந்த கறுப்புச் சேற்றைப் பார்த்து எனக்கே அருவருத்தது. எத்தனை வருடத்துத் துப்பலும் உப்பும் அதற்குள் கிடந்ததோ. வெளியே புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கி, வெயிலில் காயவைத்து, சாக்கில் சுற்றினேன். வாய் வைத்து ஊதும் அந்தச் சின்னக் குமிழ், மவுத்பீஸ், அதையும் தாருங்கள் என்றேன்.

அண்ணை கையைப் பொத்திக்கொண்டார். "இது என்ரை வாயடா. வாயை ஆரும் ஐஸிலை வைப்பினமோ?"

அப்படி மவுத்பீஸ் அண்ணையிடம் நின்றது. மற்றதை நான் கொண்டுபோய், உறைந்த றால் தட்டுகளுக்கு மேலே, கடைசித் தட்டில் வைத்தேன். மனேஜர் ஒருநாள் கண்டுவிட்டு "உதென்ன?" என்று கேட்டார். கோயில் சாமான் என்றேன். அவர் சைவ சமயக்காரர். எங்கள் சமயத்தில் இப்படியும் ஒரு சடங்கு உண்டாக்கும் என்று நினைத்திருக்கவேண்டும். மரியாதையாக ஒதுங்கிப் போனார்.

பெரிய வெள்ளிக்கு முந்திய கிழமை ஐயா என்னிடம் வந்து அலுத்துக்கொண்டார்.

"கொண்ணனுக்கு விசர் பிடிச்சுப்போச்சு. வலையைப் போட்டிட்டு இருக்கிற நேரம் முழுக்க அந்தக் குமிழை வாயிலை வைச்சுக்கொண்டு கீ கீ எண்டு ஊதுறான். மற்ற வள்ளத்துக்காரர் சிரிக்கிறாங்கள். எனக்குக் காதுக்குள்ளை நுளம்பு போனமாதிரிக் கிடக்கு."

"தபசுகாலத்திலை ஊதக்கூடாதெல்லோ ஐயா?"

"சுவாமியாரிட்டைக் கேட்டவனாம். கோயிலுக்குக் கேக்காட்டில் தனக்குக் காரியமில்லை எண்டவராம்."

நான் சிரித்தேன். ஐயா சிரிக்கவில்லை. சொன்னார்: "ஆனால் உந்தக் கடைசி இடத்தை இப்ப உடையாமல் போறான். வெறும் குமிழிலை. விரலுக்கு வேலையில்லை பார், முழுக்க உதடுதான்." அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் இருந்தது பெருமைதான். ஆனால் அண்ணையிடம் சொல்ல வராது. என்னிடம்தான் வரும்.

பெரிய சனி காலையில் கொர்னெற்றை எடுத்து, சாக்கோடு வைத்து மெல்ல மெல்லக் குளிரை விடவைத்து, துடைத்து, எண்ணெய் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலைப் பூசையில் அண்ணை ஊதினார். உயிர்ப்புப் பாட்டின் முடிவிலும் முதல் கொர்னெற் தனியே அதே உச்சத்துக்கு ஏறவேண்டும்.

அந்தக் குரலை நான் எப்படிச் சொல்வது? கோயில் முகட்டில் இருந்த புறாக்கள்கூட அசையவில்லை என்று சொன்னால் பொய். அவை வழக்கம்போல் பறந்தன. ஆனால் நான் அழுதேன். எனக்குப் பக்கத்தில் நின்ற, அம்மாவின் செத்தவீட்டில் சிரித்ததாக நான் சந்தேகப்பட்ட அந்த மனிதரும் அழுதார். உச்சத்துக்கு ஏறி, அங்கே ஒரு ஆள் வசதியாக இருந்து மூச்சு விடுகிற அளவு நின்று, இறங்கினார். ஐயா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய காது சிவந்திருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது ஊர் அண்ணையிடம் போகவில்லை. என்னிடம் வந்தது. "எடேய், என்னடா செய்தனீ? எத்தினை நாள் வைச்சனீ? எவ்வளவு குளிர்?" பாண்ட் மாஸ்டர் என் தோளில் கை போட்டார். றால் நாறும் என் தோளில். அடுத்த கிழமை முழுவதும் எங்கள் வீட்டு வாசலில் மீன் வந்து இறங்கியது. விளைமீன், பாரை, ஒருநாள் ஒரு பெரிய கொடுவா. எல்லாம் எனக்கு. கடலில் உதடு வெடிக்க வெடிக்க ஊதிய அண்ணைக்கு ஒரு சூடைமீன்கூட வரவில்லை. கொடுவாவை நான் ரசித்துத்தான் சாப்பிட்டேன். முள்ளில்கூடக் குற்ற உணர்ச்சி குத்தவில்லை. அது பிறகுதான் வந்தது.

ஐயா என்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "உது உன்ரை குளிர் இல்லை" என்றார்.

"எனக்கும் அப்பிடித்தான் படுது ஐயா."

"படுறதென்ன. நான் வள்ளத்துக்குள்ளை இருந்து கேட்டனான். அவன்ரை உதடு. நான் சொன்னால் அவன் கேக்கான், நீ சொல்லு. அவனுக்குத் தெரியவேணும்."

போய்ச் சொன்னேன். அண்ணை கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "அண்ணை, உது குளிராலை வந்ததில்லை. நீங்கள் கடலிலை பழகினதாலை வந்தது. நான் உள்ளுக்கை அழுக்கு எடுத்ததாலையும் கொஞ்சம் இருக்கும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "நீ அடக்கமாக் கதைக்கிறாய். இது உன்ரை வேலையடா தம்பி. நான் உன்னை இவ்வளவு காலமும் நாத்தம் எண்டு சொன்னனான். மன்னிச்சுக்கொள்" என்றார்.

அங்கே நான் என்ன செய்திருக்கவேண்டும்? வலையைப் பறித்து எறிந்துவிட்டு, "விசர்க் கதை கதையாதையுங்கோ, நீங்கள்தான், நீங்கள்தான்" என்று கத்தியிருக்கவேண்டும். நான் கத்தவில்லை. பிறந்ததிலிருந்து அண்ணையின் வாயால் ஒரு நல்ல சொல் கேட்காதவனுக்கு அது காதில் தேனாக இறங்கிக்கொண்டிருந்தது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன், அவர் நம்பாவிட்டால் நான் என்ன செய்வது என்று என்னை நானே சமாளித்துக்கொண்டு வந்தேன். ஐயா கேட்டபோது "சொன்னனான்" என்றேன். அதில் பொய்யில்லை.

பாண்ட் மாஸ்டரிடமும் சொன்னேன். அவரும் நம்பாமல் சிரித்தார். "அடக்கமான பொடியன்" என்று வீட்டில் போய்ச் சொன்னாராம். அடுத்த வருடம் அவருடைய மகளை எனக்குப் பேசினார்கள். உண்மையைச் சொல்லச் சொல்ல எனக்கு மவுசு கூடிக்கொண்டு போன கதை இது. என் மனைவி இன்றைக்கும் கோபம் வந்தால், "அப்பா உங்களைப் பார்த்தோ எனக்குக் கட்டித் தந்தவர், ஐஸ்பெட்டியைப் பார்த்தெல்லோ" என்பாள்.

அடுத்த தபசுகாலத்தில் பாண்ட் முழுவதும் சாக்கில் சுற்றி என் அறைக்குள் வந்துவிட்டது. உயிர்த்த ஞாயிறன்று ஒவ்வொருவரும் தன்னுடைய வாத்தியம் திருந்திவிட்டது என்று சத்தியம் பண்ணினார்கள். பக்கத்தில் நிற்பவனுடையது திருந்தியதாக ஒருவரும் சொல்லவில்லை. குளிர் பித்தளையை ஒன்றும் செய்யவில்லை என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. கப்பல் மச்சான் சொன்ன அந்தக் குளிரில் என்ன நடக்குமோ, எங்கள் றால் குளிரில் ஏதாவது நடந்ததோ, அளந்து பார்க்க எங்களிடம் காதைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் காதையும் நாங்கள் பட்டினி போட்டுவிட்டுத்தான் கேட்டோம்.

அண்ணைக்கு நடந்தது வேறு. மவுத்பீஸை வள்ளத்துக்குக் கொண்டுபோவதை விட்டுவிட்டார். வெறும் குமிழை ஊதி ஏன் ஊர்ச் சிரிப்பை வாங்கவேண்டும், அதுதான் தம்பியின் அறை இருக்கிறதே. அந்த வருடம் முந்திய பழக்கத்தின் பலத்தில் தப்பினார். எண்பத்தாறில் உச்சத்துக்குப் போனார், அங்கே நிற்கவில்லை, உடனே இறங்கிவிட்டார். பெரும்பாலோர் கவனிக்கவில்லை. ஐயா கவனித்தார். அண்ணையும் அடுத்த நாளே என்னிடம் வந்தார்.

"இந்தமுறை குளிர் காணாது. வாறமுறை இன்னும் கூட நாள் விடு."

"அண்ணை, அந்த மவுத்பீஸிலை திரும்பப் பழகினால் என்ன?"

"ஏன், உனக்குப் பஞ்சியோ? உள்ளுக்கை வைச்சுக் கதவைப் பூட்டுறதுதானே?"

நான் திரும்பவும் வாயை மூடிக்கொண்டேன். இந்தத் தடவை தேன்கூட இல்லை. அண்ணையோடு முரண்டு பிடிக்க அலுப்பு, அவ்வளவுதான். பாண்டில் மற்றவர்களும் அருகில் நின்றார்கள். அறைக்காரன் நானே அறையைக் குறை சொன்னால் என் மாமனார் என்ன நினைப்பார் என்றும் ஓடியது.

எண்பத்தேழில் கொம்பனி பூட்டுப்பட்டது. சண்டையால் கடலுக்குப் போகத் தடைக்கு மேல் தடை, றால் எங்கிருந்து வரும்? மிஷினை நிறுத்திய அன்று கதவைத் திறந்து வைத்தோம். தரையெல்லாம் தண்ணீராக ஓடியது. அந்த உயிர்த்த ஞாயிறுக்கு அண்ணை குளிரில் வைக்காத கொர்னெற்றோடு வந்தார். ஊதத் தொடங்க முன்னமே அவருடைய முகம் வெளிறிப்போயிருந்ததைக் கண்டேன். ஏறினார். சேமக்காலையில் உடைந்த அதே இடத்தில் உடைந்தது. இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. "பாவம், குளிர் இல்லாமல் போச்சு" என்று இரக்கப்பட்டார்கள். சிரித்திருந்தால் அண்ணை ரோசத்தில் திரும்பப் பழகியிருப்பார். அந்த இரக்கம்தான் அவரைப் படுக்கப்போட்டது. முதல் கொர்னெற்றை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தன்னுடையதைப் பெட்டியில் வைத்து அலுமாரிக்கு மேலே ஏற்றினார். பிறகு இறக்கவே இல்லை.

ஐயா அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார். "நீ அவனுக்குச் சொன்னனீதானே?"

"சொன்னனான் ஐயா."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி நெருங்க, ஊரோடு ஊராக நாங்களும் வெளிக்கிட்டோம். மழை. ஐயாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி அண்ணை தள்ளினார். நான் பிள்ளையையும் மூட்டையையும் தூக்கிக்கொண்டேன். படலையைச் சாத்தும்போது, "அண்ணை, கொர்னெற்?" என்று கேட்டேன்.

"அதென்னத்துக்கு? குளிர் போன சாமான்."

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. அரிசி இல்லை, விறகு இல்லை என்பது போலச் சொன்னார். எட்டு வருடமாக அது அவருக்கு உண்மையாகவே இருந்தது. திரும்பிப் போய் நானாவது தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். கை நிறைய மூட்டை இருந்தது.

தென்மராட்சியில் ஒரு கமக்காரர் தன்னுடைய தேங்காய்க் கொட்டிலை எங்களுக்கு ஒதுக்கித் தந்தார். கார்த்திகை மழையில் ஐயாவுக்குச் சளி பிடித்தது. பிறகு காய்ச்சல். கிடந்த கிடையில் கடல் இரைகிறதா என்று கேட்பார். அங்கே கடல் ஏது? தென்னையில் காற்று என்று சொன்னால் நம்பமாட்டார். ஒரு மத்தியானம், அண்ணை கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கும்போது, போய்விட்டார்.

கமக்காரர் வந்து தலைமாட்டில் நின்றார். நல்ல மனிதர். "உங்கடை ஆக்களுக்கு மேளம் பிடிக்கிறதோ? சொன்னால் ஒழுங்கு செய்யிறன்" என்றார்.

"எங்களுக்குப் பாண்ட்தான்" என்றேன். பாண்ட் மாஸ்டர் எங்கே, மற்றவர்கள் எங்கே, யார் எந்தப் பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஐயா அன்றைக்குக் கையில் மண்ணோடு கேட்டது ஒன்றே ஒன்று. அதைக் கொடுக்க எங்களிடம் ஒரு தகரக் குழல்கூட இல்லை. அண்ணை ஐயாவின் காலைக் கட்டிப் பிடித்தபடி இருந்தார்.

பக்கத்து ஊர்ச் சின்னச் சேமக்காலையில் இடம் தந்தார்கள். பலகைப் பெட்டி. நாங்களும் கமக்காரரும், இடம்பெயர்ந்து வந்த நாலைந்து பேரும். சுவாமியார் செபம் முடித்தார். பெட்டியை இறக்கக் கயிற்றைப் பிடித்தபோது, அண்ணை தன் கயிற்றைக் கமக்காரரிடம் கொடுத்துவிட்டு, மடியிலிருந்து கொட்டைப்பெட்டியை எடுத்தார். புகையிலையும் வெற்றிலையும் வைக்கும் பனையோலைக் கொட்டைப்பெட்டி. அதற்குள் கையை விட்டு, புகையிலைத் தூளைத் தட்டிவிட்டு, ஒன்றை எடுத்து வாயில் வைத்தார். மவுத்பீஸ். இவ்வளவு காலமும் அது அவருடைய மடியில் கிடந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

வெறும் குமிழில் ஊதினார். வாத்து கத்துவதற்கும் குழந்தை சிணுங்குவதற்கும் நடுவில் ஒரு சத்தம். கமக்காரர் திடுக்கிட்டுப் பார்த்தார். பெட்டி மெல்ல மெல்ல இறங்கியது. மெட்டு முடிவுக்கு வந்தது. நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இப்போது உடையும், இப்போது உடையும் என்று நின்றேன். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். மெல்லிய, நடுங்கும் சத்தம்தான். ஆனால் உடையவில்லை. மேலே போய், அங்கே நின்று, இறங்கியது. ஐயாவும் இறங்கிவிட்டார்.

எல்லாரும் போனபின் இரண்டு பேரும் ஈர மண்ணில் குந்தியிருந்தோம். அண்ணை மவுத்பீஸைச் சாரத்தில் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதை ஒருநாளும் உன்ரை அறைக்குள்ளை வைக்கேல்லை என்ன?"

"இல்லை அண்ணை. நீங்கள் தரேல்லை."

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு விளங்கிக்கொண்டு வருவது எனக்குத் தெரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது எனக்கு. தண்ணீர் குடிக்கப் போகவும் அங்கே இடமில்லை.

"நான் அப்பவே சொன்னனான் அண்ணை" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஓம், சொன்னனீ. ஒருக்காச் சொன்னனீ." அண்ணை மவுத்பீஸைக் கொட்டைப்பெட்டிக்குள் போட்டு மூடினார். "என்னோடை சண்டை பிடிச்சுச் சொல்லியிருந்தியெண்டால், ஐயாவுக்கு முழுக் கொர்னெற் கிடைச்சிருக்குமடா."

பிறகு அவர் எழுந்து, எனக்கும் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.